பாட்டனைப் பலகையில் செதுக்குவது: டோரஸ் நீரிணை அச்சோவியங்களும் போர்நினைவும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

போருக்குப் போன தாத்தாக்களை டோரஸ் நீரிணைத் தீவுக்காரர்கள் அச்சோவியத்தில், அதாவது செதுக்கிய பலகையில் மை பூசி அச்செடுக்கும் படத்தில், நினைவுகூர்வது பற்றியது இந்தப் பக்கம். கண்காட்சியில் படத்தின் முன் நிற்பவர், லினோ (தரைவிரிப்புப் பலகை) செதுக்கிப் பழகுபவர், ஒரு படி (பிரதி) வாங்க நினைப்பவர் என மூன்று தரப்பிலிருந்தும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. மேலிருந்து வாசித்தால் பின்னால் வருபவை எளிதில் விளங்கும்.

டோரஸ் நீரிணை எங்கே இருக்கிறது? அந்தத் தீவுக்காரர்களும் ஆஸ்திரேலியப் பழங்குடியினரும் ஒரே ஆட்கள்தானே?

இல்லை. ஆஸ்திரேலியாவின் வடமுனையான கேப் யார்க்குக்கும் பாப்புவா நியூ கினிக்கும் இடையில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அகலமுள்ள கடல்தான் டோரஸ் நீரிணை. அதில் இருநூறுக்கும் மேற்பட்ட தீவுகள் உண்டு. மக்கள் வாழ்பவை மிகச் சில. அங்குள்ளோர் கடலோடிகள், தோட்டப் பயிர் செய்பவர்கள், ஆமையும் கடற்பசுவும் வேட்டையாடுபவர்கள். மேற்குத் தீவுகளில் கல லகாவ் யா, கிழக்கே மெரியம் மிர், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிரியோல் என்று பேச்சு. பெருநிலத்து அபாரிஜினல் மக்களும் இவர்களும் ஆஸ்திரேலியாவின் இரு வேறு முதல்குடிகள். இந்தப் பக்கம் பெரும்பாலும் தீவுக்காரர்களைப் பற்றியது. அவர்கள் பேச்சில் தாத்தா 'அதே', பாட்டி 'அக'.

இவங்க எந்தப் போருக்குப் போனாங்க? எத்தனை பேர்?

முக்கியமாக இரண்டாம் உலகப் போர். 1941-இல் நீரிணையின் நிர்வாக மையமான வியாழன் தீவில் (தர்ஸ்டே ஐலண்ட்) தீவுக்காரர்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அதுவே வளர்ந்து 1943-இல் டோரஸ் நீரிணை இலகு காலாட்படை பட்டாலியன் ஆனது. ஆஸ்திரேலிய ராணுவ வரலாற்றில் முதல்குடியினரைக் கொண்டே அமைந்த பட்டாலியன் இது ஒன்றுதான். எண்ணூறுக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். சிறிய மக்கள்தொகையில் இது எவ்வளவு என்பதைப் புரிந்துகொள்ள ஒரு வழி: சில தீவுகளில் திடகாத்திரமான ஆண் என்று ஊரில் மிஞ்சியவரே இல்லை.

விமானத்தளம் பக்கத்து ஹார்ன் தீவில் இருந்தது. 1942 மார்ச் 14 அன்று ஜப்பானிய விமானங்கள் முதல்முறை தாக்கின; பிறகும் பலமுறை வந்தன. பட்டாலியன் அந்தத் தளத்தைக் காவல் காத்தது, கப்பல் சரக்கு ஏற்றி இறக்கியது, அப்போது டச்சு வசமிருந்த நியூ கினியின் மெராவுக்கே பக்கம் ரோந்தும் போனது. பாறை, திட்டு, நீரோட்டம் எல்லாம் அத்துப்படியானவர்கள் என்பதால் படகு வேலையில் இவர்களை விட்டால் வேறு ஆளில்லை.

பழங்குடியினரை ராணுவத்தில் சேர்க்கவே கூடாது என்று சட்டம் இருந்ததாகப் படித்தேனே?

பாதி சரி. 1903-ஆம் ஆண்டு பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளி இல்லாதவர்களைக் கட்டாயப் பணியிலிருந்து விலக்கி வைத்தன. சேர்க்கும் இடத்தில் அதையே காரணம் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். முதல் உலகப் போரில் ஆள் போதாமல் போன பிறகு, 1917-இல், பெற்றோரில் ஒருவர் ஐரோப்பியராக இருந்தால் சேர்க்கலாம் என்று தளர்த்தினார்கள். அதற்கு முன்பே தன் வம்சத்தை மறைத்தோ, மருத்துவர் கண்டும் காணாமல் விட்டோ சேர்ந்தவர்கள் உண்டு. 1940-இல் மறுபடி கதவைச் சாத்தினார்கள். ஜப்பான் போரில் இறங்கியதும் கதவு தானாகத் திறந்தது. அபாரிஜினல் சிப்பாய் ரெக் சாண்டர்ஸ் 1944-இல் அதிகாரியாக ஆணை பெற்றதும் இந்தக் காலத்தில்தான்.

அச்சோவியம் செய்பவருக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. ராணுவக் கோப்பில் 'இனம்' என்ற இடம் பல நேரம் வெறுமையாகவோ தவறாகவோ இருக்கும். கோப்பில் இல்லை என்பதால் அவர் முதல்குடி இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

சம்பளம் குறைவாகக் கொடுத்தார்கள், அதற்காக வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பது உண்மையா, பிற்காலக் கதையா?

உண்மை. வெள்ளைக்காரச் சிப்பாய் வாங்கியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் தீவுக்காரருக்குக் கிடைத்தது. 1943 டிசம்பர் இறுதியில் பட்டாலியனின் சில கம்பெனிகள் வேலையை நிறுத்தின. சீருடையில் இருப்பவர், போர்க்காலத்தில், பணி செய்ய மறுப்பது என்றால் அதன் கனம் தெரியும். பேச்சுவார்த்தைக்குப் பிறகு சம்பளம் மூன்றில் இரண்டாக ஏறியது. மீதியை அரசு ஒப்புக்கொண்டு கொடுத்தது 1980-களில். அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள்.

நினைவு ஓவியத்தில் இதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது குடும்பம் முடிவு செய்வது. நம் கருத்தைக் கேட்டால், பதக்கத்தைச் செதுக்கிவிட்டுச் சம்பளச் சீட்டை விட்டுவிடும் படம் பாதிப் படம்தான்.

சிலை வைக்கலாம், கல்வெட்டு வைக்கலாம். எதற்கு அச்சோவியம்?

சிலையும் உண்டு. சிட்னி ஹைட் பூங்காவில் அபாரிஜினல் கலைஞர் டோனி ஆல்பர்ட் முதல்குடிப் படைவீரர்களுக்காக 2015-இல் நிறுவிய 'யினின்மாட்யெமி' நினைவுச்சின்னத்தில் நிமிர்ந்து நிற்கும் நான்கு ராட்சதத் தோட்டாக்களும் விழுந்து கிடக்கும் மூன்று தோட்டா உறைகளும் இருக்கின்றன. அவருடைய தாத்தா எடி ஆல்பர்ட் போர்க்கைதியாகத் தப்பி, இத்தாலியில் பிடிபட்டு, சுட நிறுத்தப்பட்டவர்களில் மூவர் இறந்தபின் உயிர் பிழைத்த கதை அது. ஆனால் சிலை ஒரே இடத்தில் நிற்கும். தீவுக் குடும்பமோ வியாழன் தீவு, பெருநிலத்து நகரங்களான கேர்ன்ஸ், டவுன்ஸ்வில் என்று சிதறிக் கிடக்கிறது. அச்சில் இருபது படி எடுத்தால் ஒவ்வொரு கிளைக்கும் ஒன்று போகும். குழாயில் சுருட்டிச் சிறு விமானத்திலும் கொண்டுபோகலாம்.

இரண்டாவது காரணம் கை. ஆமை ஓடு, சிப்பி, மூங்கில், மரம், வாருப் என்கிற முரசு இவற்றில் கோடு கீறி, கீறலில் வெள்ளைச் சுண்ணாம்பைத் தேய்ப்பது அங்கே பழைய வேலை. கறுப்பு மை பூசிய லினோவில் செதுக்கிய கோடு வெள்ளையாக வரும். பொருள் மாறியது, பார்வை மாறவில்லை. 1980-களில் கேர்ன்ஸ் நகரத் தொழிற்கல்லூரியில் தொடங்கிய முதல்குடியினர் கலைப் படிப்பு வழியாக லினோ இவர்கள் கைக்கு வந்து சீக்கிரமே ஒட்டிக்கொண்டதற்கு இதுவே காரணம். அலிக் டிப்போட்டி, காலமான பில்லி மிஸ்ஸி, டேவிட் போசன், பிரையன் ராபின்சன், க்ளென் மேக்கி போன்றோரின் படங்களைப் பார்த்தால் உளி பிடித்த கை தெரியும்.

லினோகட் என்றால் என்ன? ரப்பர் ஸ்டாம்ப் மாதிரியா?

தத்துவம் அதேதான். ஆளிவிதை எண்ணெய், மரத்தூள், கார்க் தூள் கலந்து சணல் துணியில் ஒட்டிய தரைவிரிப்புப் பொருள் லினோலியம். வெள்ளையாக வேண்டிய இடத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, மிஞ்சிய மேற்பரப்பில் மை உருட்டிக் காகிதத்தை அழுத்தினால் படம். செதுக்கியதைத் திரும்ப வைக்க முடியாது, அச்சு இடவலம் மாறி விழும். இந்த இரண்டும்தான் பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்குக் காரணம்.

உருவங்களுக்குள்ளே நெளிநெளியாகக் கோடு நிரப்பியிருக்கிறார்களே, அது வெறும் அலங்காரமா?

அதற்கு மேற்குத் தீவுகளில் 'மினரல்' என்று பெயர். அலை, நீரோட்டம், காற்று, மணல் வரி, விலங்கின் தோல் என்று கோட்டுக்குக் கோடு பொருள் உண்டு. நல்ல படத்தில் தாத்தாவின் சட்டைக்குள் ஓடும் மினரல் அவர் எந்தத் தீவு, எந்தக் குலக்குறி என்று சொல்லும். அதனால் அது கடன் வாங்கும் சரக்கு அல்ல. தீவுக்காரரே ஆனாலும் அடுத்த குலத்தின் குறியைப் போட அந்தக் குலத்துப் பெரியவரிடம் கேட்பார்.

தாத்தா பட்டாளத்தில் இருந்தார் என்று மட்டும் தெரியும். விவரத்தை எங்கே தேடுவது?

ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகம்தான் முதல் கதவு. இரண்டாம் உலகப் போர்ப் பணிக்கோப்புகள் பி883, பி884 என்ற இரு வரிசைகளில் இருக்கின்றன. முதலாவது வெளிநாட்டுப் பணிக்குத் தாமாகச் சேர்ந்த படை, இரண்டாவது உள்நாட்டுக் குடிப்படை. இரண்டிலும் தேட வேண்டும். முதல் உலகப் போருக்கு பி2455. கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் புகைப்படங்களும், உயிர்நீத்தோர் பட்டியலும், பட்டாலியன் நாட்குறிப்புகளும் உண்டு.

பெயர் கிடைக்காமல் போவதுதான் பெரிய தொல்லை. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக்கியிருப்பார். முன்பின் மாற்றி, எழுத்துக் கூட்டலை நாலைந்து விதமாக மாற்றித் தேடவும். பிறந்த தேதி பெரும்பாலும் உத்தேசமாக இருக்கும். அதை வைத்து ஒருவரை நீக்கிவிட வேண்டாம். பிறந்த ஊரும் நெருங்கிய உறவினர் பெயரும் நம்பத்தக்க அடையாளங்கள்.

கோப்பில் இருக்கும் காகிதங்களையே படத்தில் சேர்க்க முடியுமா?

முடியும். லினோவைவிட, தகட்டில் பள்ளமாக விழுந்த கோட்டில் மை நிரப்பி அச்செடுக்கும் எட்சிங் இதற்கு வசதி. ஒளிபட்டால் இறுகும் பாலிமர் தகட்டில் ஆவணத்தின் நகலை வெளிச்சம் காட்டி எடுத்தால் தட்டச்சு எழுத்து, முத்திரை, மடிப்புக் கோடு எல்லாம் அப்படியே விழும். வான்யி இனத்து ஓவியர் ஜூடி வாட்சன் 2007-இல் தன் பாட்டி, பூட்டி பற்றிய அரசுக் கோப்புகளைக் கொண்டு செய்த 'அண்டர் தி ஆக்ட்' எட்சிங் தொகுப்பு போர் பற்றியதல்ல; ஆனாலும் அரசுக் காகிதத்தை ஓவியமாக்குவது எப்படி என்று பார்க்க அதைவிட நல்ல உதாரணம் இல்லை. மெல்லிய காகிதத்தில் ஆவணத்தை அச்சிட்டு, பின்புறம் மாவுப்பசை தடவி, பிரஸ்ஸிலேயே தடித்த காகிதத்தோடு ஒட்டவைக்கும் ஷீன் கோலே முறையை லினோவோடும் சேர்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. கோப்பில் மருத்துவக் குறிப்பும் தண்டனைப் பதிவும் இருக்கும். பொதுவில் கிடைக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் சுவரில் மாட்டத் தேவையில்லை.

பழைய போட்டோவை அப்படியே பார்த்துச் செதுக்கலாமா? காப்புரிமைப் பிரச்சினை வருமா?

ஆஸ்திரேலியாவில் 1955-க்கு முன் எடுத்த புகைப்படங்களுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது. எனவே போர்க்காலப் படத்தில் சட்டச் சிக்கல் இல்லை. குடும்பச் சம்மதம் வேறு விஷயம். அதைப் பெயர், முகம் பற்றிய கேள்வியில் பார்க்கலாம்.

செதுக்கும்போது வரும் சிக்கல், போட்டோவில் சாம்பல் நிறம் நூறு வகை, லினோவில் ஒன்றுமில்லை. போட்டோவைக் கணினியில் கறுப்பு, வெள்ளை, நடுநிறம் என மூன்றாகக் குறைத்து, நடுநிறம் முழுவதையும் கோடுகளால் நிரப்புங்கள். தொப்பி நிழலில் கண் இரண்டும் மறைந்த படங்கள் நிறைய. அங்கே கண்ணைக் கற்பனையில் செதுக்கினால் வேறு ஆள் வந்துவிடுவார். நிழலைக் கறுப்பாகவே விட்டால் குடும்பத்தார் தாடையையும் வாயையும் வைத்தே அடையாளம் சொல்லிவிடுவார்கள்.

அச்சு எடுத்தால் இடது வலதாகிவிடுமே, எழுத்தை மட்டும் திருப்பிப் போட்டால் போதாதா?

போதாது. அதிகமான படங்கள் கெட்டது இங்கேதான். எழுத்து திரும்பி விழுந்தால் யார் கண்ணிலும் படும். மற்றவை படாமல் அச்சாகிவிடும்.

பதக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் இடது மார்பில் குத்துவார். அவர் இறந்தபின், போர்வீரர்களை நினைவுகூரும் ஏப்ரல் 25 அன்சாக் நாள் அணிவகுப்பில் பேரப்பிள்ளை அதையே வலது மார்பில் குத்துவார். படம் திரும்பி விழுந்தால் சிப்பாய் தானே தன் பேரனாகிவிடுகிறார்! அகன்ற விளிம்புத் தொப்பியின் விளிம்பை மடித்திருந்தால் அது இடப்பக்கம். லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியின் தாழ்ப்பாள் கைப்பிடி வலப்பக்கம். ஆண்கள் சட்டையில் இடப்பக்கத் துணி மேலே வரும். நிலப்படம் போட்டால் பாடு தீவு மோவாவுக்கு மேற்கே இருக்க வேண்டும், ஹார்ன் தீவு வியாழன் தீவுக்குத் தென்கிழக்கே. வானமும் தப்பாது: டகாய் என்ற படகோட்டி விண்மீன் கூட்டத்தில் தென்சிலுவை அவருடைய இடது கை. திரும்பினால் தீவுக்காரர் யாரும் அதை டகாய் என்று ஒப்ப மாட்டார்.

வழி எளிது. நேர்ப்படத்தை டிரேசிங் தாளில் வரைந்து, தாளைக் கவிழ்த்து, கார்பன் வைத்து லினோவில் இறக்குங்கள். செதுக்கத் தொடங்குமுன் லினோவைக் கண்ணாடி முன் நிறுத்திப் பாருங்கள். கண்ணாடியில் தெரிவதுதான் அச்சில் வரும். மேலே சொன்னவற்றை ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

என்ன லினோ, என்ன உளி, என்ன காகிதம் வாங்க வேண்டும்?

3.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாம்பல்நிறச் சணல்முதுகு லினோ. புதிதாக வளைத்துப் பார்த்தால் வெடிக்கக்கூடாது. பழையது உதிரும், நுண்கோடு நிற்காது. கேப் யார்க்கின் இன்ஜினூ ஊரைச் சேர்ந்த ஓவியர் டீஹோ ரோப்பியார்ன் போல வைனைலில் செதுக்குவோரும் உண்டு. அதில் உளி வழுக்கிக்கொண்டு போகும், விளிம்பு கூர்மையாக வரும். உளி மூன்று போதும்: நுண்கோட்டுக்கு ஒரு சிறிய 'வி' வாய், நடுத்தர 'யு' வாய், பெரிய இடங்களைத் தள்ள அகன்ற 'யு' வாய். உளியைத் திருப்பாமல் பலகையைத் திருப்புங்கள். மற்றக் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும்.

மினரல் செதுக்கும்போது மிஞ்சும் கோட்டின் சுவர் அடிப்பக்கம் அகன்று, மேலே குறுகி இருக்க வேண்டும். உளியைச் சாய்த்து அடியை அரித்துவிட்டால் பத்தாவது படியிலேயே கோடு சரிந்து ஒடியும். வரைவதற்கு ஸ்பிரிட் மார்க்கர் வேண்டாம், அதன் சாயம் எண்ணெய் மையில் கரைந்து காகிதம்வரை வரும். பிரஸ் இருந்தால் 250 முதல் 350 ஜி.எஸ்.எம். பருத்திக் காகிதம். இல்லையென்றால் 40 முதல் 80 ஜி.எஸ்.எம். ஜப்பானியக் கோசோ தாளை மேலே போட்டு மரக்கரண்டியால் தேய்த்தே அச்செடுக்கலாம்.

மை உருட்டினால் திட்டுத்திட்டாக வெள்ளைப் புள்ளி விழுகிறது. சில சமயம் நுண்கோடு அடைத்துக்கொள்கிறது. ஏன்?

முதலாவது மை போதாமை அல்லது அழுத்தம் போதாமை. இரண்டாவது மை அதிகம், அல்லது மை இளகிவிட்டது. உருளையின் சத்தத்தைக் கேளுங்கள்: மெல்லிய 'சுர்ர்' என்றால் சரி, 'சப் சப்' என்று ஒட்டினால் அதிகம். புது லினோ முதல் இரண்டு மூன்று தடவை மையைக் குடிக்கும். அந்தப் படிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 60-க்கு 90 செ.மீ. பலகைக்குத் தோராயமாக ஒரு மேசைக்கரண்டி மை, ஒரேயடியாக அல்லாமல் நாலைந்து மெல்லிய பூச்சாக.

வியாழன் தீவோ கேர்ன்ஸோ சென்னையோ, வெயிலில் எண்ணெய் மை இளகும். கொஞ்சம் மெக்னீசியம் கார்பனேட் தூளைக் கத்தியால் குழைத்துச் சேர்த்தால் இறுகும். அதிகாலையில் அச்செடுப்பது அதைவிட நல்லது. மழைக்காலத்தில் காகிதம் ஈரம் குடித்து நீளும், நேற்று வைத்த குறியில் இன்று பொருந்தாது. மை காயவும் இரண்டு மூன்று வாரம் ஆகும். அவசரப்பட்டு அடுக்கினால் மேல்படியின் முதுகில் கீழ்ப்படி பதியும்.

இந்தப் படங்கள் கறுப்பு வெள்ளையாகத்தான் இருக்க வேண்டுமா? பதக்க ரிப்பனுக்கு நிறம் வேண்டுமே?

கட்டாயமில்லை. கறுப்பு நன்றாகக் காய்ந்த பிறகு நீர்வண்ணத்தால் கையில் நிறமிடுவது வழக்கம். முன்கூட்டித் தொட்டால் கறுப்பு கசிந்து ரிப்பன் அழுக்காகும். ரிப்பனுக்கு நிறமிட்டால் வரிசையும் நிறமும் துல்லியமாக இருக்க வேண்டும், கோப்பில் என்னென்ன பதக்கம் என்று பார்த்துவிட்டே தூரிகையை எடுங்கள். நண்பரின் தாத்தாவுக்குக் கிடைத்தது உங்கள் தாத்தாவுக்கும் கிடைத்திருக்கும் என்று எண்ண வேண்டாம். சந்தேகமாக இருந்தால் கறுப்பாகவே விடலாம்.

பச்சை, நீலப் பட்டைகளின் நடுவில் வெள்ளை தாரி தலையணியும் நட்சத்திரமும் கொண்ட டோரஸ் நீரிணைக் கொடி பெர்னார்ட் நமோக் வடிவமைத்தது, 1992-இல் வந்தது. 1942 காட்சியில் அது பறந்தால் தெரிந்தே செய்த குறியீடு என்று தலைப்பிலாவது தெரியட்டும். தாரி தலையணி மட்டும் எந்தக் காலத்துக் காட்சியிலும் பொருந்தும்.

எங்கள் பாட்டி பட்டாளத்தில் சேரவில்லை. அவரைப் போட்டால் 'போர்ப் பணி' ஆகுமா?

ஏன் ஆகாது? 1942 ஜனவரியில் வியாழன் தீவுப் பொதுமக்களைப் பெருநிலத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். வெளித்தீவுகளில் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும் அங்கேயே இருந்தார்கள். ஆண்கள் இல்லாத ஊரில் தோட்டம், மீன், நோயாளி, வானத்தில் விமானச் சத்தம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இவர்களுக்குக் கோப்பு இல்லை, எண் இல்லை, பதக்கமும் இல்லை. ஆகவே போட்டோவுக்குப் பதில் பொருளைத் தேடுங்கள்: பாய் முடைந்த ஓலைப் பின்னல், தோண்டுகோல், தேங்காய்த் துருவி. பின்னலை மென்மெழுகு பூசிய எட்சிங் தகட்டில் வைத்து அழுத்தினால் இழைக்கு இழை பதியும்.

வியாழன் தீவில் ஜப்பானியக் கல்லறைகள் இருந்ததால் குண்டு போடவில்லை என்கிறார்களே, அதை வரையலாமா?

முத்துக்குளிக்க வந்து இறந்த ஜப்பானியரின் நூற்றுக்கணக்கான கல்லறைகள் அங்கே இருப்பது உண்மை. பக்கத்து ஹார்ன் தீவு அடிவாங்க, வியாழன் தீவு தப்பியதும் உண்மை. இரண்டுக்கும் இடையே உள்ள 'ஆனதால்' என்ற சொல் வாய்மொழி மரபு. வரையுங்கள், குடும்பம் சொன்ன கதை என்று குறிப்பில் எழுதுங்கள். போருக்குப் பின் தீவு நடனங்களில் போர்விமானத் தலையணியே வந்துவிட்டது. மக்கள் நினைவில் வைத்த விதமும் ஆவணம்தான், ராணுவ நாட்குறிப்போடு அதைக் குழப்பிக்கொள்ளாத வரை.

இறந்தவர் பெயரும் முகமும் காட்டக்கூடாது என்று ஒரு வழக்கம் உண்டாமே?

பெருநிலத்து அபாரிஜினல் சமூகங்கள் பலவற்றில் உண்டு. அதனால்தான் கண்காட்சி வாசலில் 'இறந்தோரின் பெயரும் உருவமும் இங்கே இருக்கலாம்' என்ற அறிவிப்பைப் பார்க்கிறீர்கள். டோரஸ் தீவுகளில் வழக்கம் வேறு. அடக்கம் செய்து ஓராண்டோ சில ஆண்டுகளோ கழித்து, துணியால் மூடிய கல்லறைக்கல்லை எல்லார் முன்னிலையிலும் திறந்து, விருந்தும் ஆட்டமுமாகப் பெயரைக் கொண்டாடுவார்கள். ஆகவே ஒரே விதியை இரு மக்களுக்கும் பொருத்தக்கூடாது. கல் திறக்கும் நாளையொட்டி அச்சோவியத்தையும் தயார் செய்வதானால், மை காயும் மூன்று வாரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

யாரிடம் கேட்பது? உயிரோடிருக்கும் மூத்த பிள்ளைகளிடம் முதலில். ஒருவர் சம்மதித்தால் எல்லாரும் சம்மதித்ததாக ஆகாது.

தலைப்பில் 'அன்சாக்' என்று வைத்து விற்கலாமா?

கவனம் வேண்டும். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையின் சுருக்கப்பெயரான அந்தச் சொல்லுக்கு 1921 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. வணிகத்துக்குப் பயன்படுத்த ஆஸ்திரேலிய அரசின் முன்னாள் படைவீரர் துறை அமைச்சரின் அனுமதி தேவை. ஒரு படத்தின் பெயரைவிட, அந்தச் சொல்லைப் போட்ட அட்டை, பை, சட்டை விற்கும்போதுதான் சிக்கல் எழும். ஆஸ்திரேலிய ராணுவத்தின் தொப்பிச் சின்னமான உதயசூரியனையும் விற்பனைப் பொருளில் போடுமுன் பாதுகாப்புத் துறையிடம் கேட்டுவிடுவது நல்லது. தாத்தாவின் பெயரும் பட்டாலியன் பெயரும் வைத்தாலே தலைப்பு நிறைந்துவிடும் என்பது நம் எண்ணம்.

நான் தமிழ் ஓவியர். இந்தப் பாணி பிடித்திருக்கிறது. இதே மாதிரி செய்யலாமா?

லினோ, உளி, கண்ணாடிச் சோதனை எல்லாம் பொதுச்சொத்து. மினரல் அப்படியல்ல, காரணம் மேலே இருக்கிறது. உங்கள் தாத்தா மதராஸ் ரெஜிமென்டில் இருந்திருந்தால் அவர் சட்டைக்குள் ஓட வேண்டிய கோடு உங்கள் வீட்டுக் கோலத்திலோ பாய் விளிம்பிலோ இருக்கும்.

எத்தனை படி எடுப்பது? ஏ.பி. என்று எழுதியிருப்பது விற்கக்கூடாத படியா?

முதலில் குடும்பக் கிளைகளை எண்ணுங்கள், அப்புறம் விற்பனையை. 20 அல்லது 30 வழக்கமான அளவு. 7/20 என்றால் இருபதில் ஏழாவது. ஏ.பி. என்பது ஓவியரின் சொந்தப் படி, பொதுவாக மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள். விற்கலாம், ஆனால் எண்ணிக்கையை மறைக்கக்கூடாது. 'இதுபோலவே மற்றவை வர வேண்டும்' என்று ஓவியர் ஒப்பிய படிக்கு பி.ஏ.டி. என்று பெயர், அது அச்சகத்தில் இருக்கும். குடும்பப் படிகளைத் தனியே குறித்து, வரிசை எண்ணில் கலக்காமல் வைத்தால் பின்னால் வாக்குவாதம் வராது. முடிந்ததும் பலகையில் குறுக்குக் கோடு கீறி ரத்து செய்வது வழக்கம். தாத்தாவின் முகத்தில் கீற மனம் வராதவர்கள் ஓரத்தில் ஒரு மூலையை வெட்டிவிடுகிறார்கள். அதுவும் செல்லும்.

ஒரு படி வாங்க நினைக்கிறேன். போலி இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பென்சிலில் எண், தலைப்பு, கையெழுத்து. அச்சகத்தின் புடைப்பு முத்திரை. யார் செதுக்கினார், யார் அச்செடுத்தார் என்ற சான்றிதழ். இந்த மூன்றையும் கேளுங்கள். வியாழன் தீவின் கப் டிடுயி பண்பாட்டு மையம், எருப் தீவின் கலைக்கூடம், 2009 முதல் நடக்கும் கேர்ன்ஸ் முதல்குடியினர் கலைச்சந்தை போன்ற இடங்களில் பணம் நேராக ஓவியர் பக்கம் போகும். நீங்கள் பிறகு ஆஸ்திரேலியக் கலைச்சந்தையில் 1000 டாலர் அல்லது அதற்கு மேல் மறுவிற்பனை செய்தால் 2010 முதலான சட்டப்படி 5 சதவீதம் ஓவியருக்கோ வாரிசுக்கோ சேரும்.

எல்லாம் செதுக்கி, பாதி அச்செடுத்த பிறகு குடும்பத்தில் ஒருவர் 'இது தப்பு' என்றால் என்ன செய்வது?

அச்சை நிறுத்துங்கள். தவறு சிறியதென்றால், அதாவது ஒரு எண், ஒரு பொத்தான் என்றால், அந்த இடத்தைச் சதுரமாக வெட்டியெடுத்து, அதே தடிமன் லினோத் துண்டைப் பின்னால் தாள் ஒட்டிப் பொருத்தி, மறுபடி செதுக்கலாம். இணைப்பு மயிரிழையாகத் தெரியும். அதைச் சுற்றியுள்ள கோட்டோடு சேர்த்துவிடுங்கள். திருத்தியபின் எடுப்பவற்றை இரண்டாம் நிலை என்று குறித்து, எண்ணைப் புதிதாகத் தொடங்குங்கள். முதல் நிலைப் படிகளை விற்காமல் குடும்பத்திடமே கொடுத்து, வைப்பதா கிழிப்பதா என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

தவறு பெரியது, அதாவது வேறு ஆள், வேறு குலக்குறி என்றால் ஒட்டுப்போட்டுச் சரிவராது, புதுப் பலகைதான். இந்த நிலை வராமலிருக்க, செதுக்கல் முக்கால்வாசி ஆனதும் மெல்லிய தாளில் ஒரு கரண்டித் தேய்ப்புப் படி எடுத்து, குடும்பத்தில் வயதில் மூத்தவருக்கு அனுப்புங்கள். அவர் பெரும்பாலும் முகத்தைப் பார்க்கமாட்டார். தொப்பி எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்றுதான் பார்ப்பார்.